அச்சுக்கலையும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்



ஒரு பொருளின் மேல் வண்ணம் தடவி, அதைத் தாளில் பதித்து, ஒரே வடிவத்தை மீண்டும் மீண்டும் பெறுவது அச்சுக்கலையாகும். இதற்குப் பெரிய எந்திரம் வேண்டும் என்று எண்ணுவோர் பலர். எந்திரம் வேண்டுவதில்லை. முற்றிய வெண்டைக்காய் ஒன்று, அறுந்துபோன செருப்பு ஒன்று, மரத்தடியில் உதிர்ந்த இலை ஒன்று இருந்தால் போதும். இக்கலையைப் பள்ளியில் ஆசிரியர் மட்டும் கற்பித்தால் போதாது. பெற்றோரும் பிள்ளைகளுடன் அமர்ந்து வீட்டில் செய்துபார்க்க வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

அச்சு என்பது நமக்குப் புதிய சொல் அன்று. தீபாவளி நெருங்கினால் வீடுதோறும் அச்சு முறுக்கு மணக்கின்றது. வாசலில் கோல அச்சை உருட்டினால் நொடிப்பொழுதில் கோலம் எழுகின்றது. முன்னாளில் தோட்டத்து ஆலையில் உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கும்போது, கடைசி உருளையில் இருந்த பள்ளங்கள் தகட்டின்மேல் வரிவரியாகப் பதிந்தன. அவ்வரிகள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. தகட்டின் பரப்பு மிகுந்து அது விரைவில் உலரவேண்டும் என்பதற்காக ஏற்பட்டவை. நம் நாட்டுப் பாத்திக் துணியிலும், உலோகத் தகட்டை வளைத்துச் செய்த அச்சை உருகிய மெழுகில் தோய்த்துப் பூவும் கொடியும் பதிக்கின்றனர். இந்திய மொழிகளுள் முதன்முதலாக அந்நாட்டு மண்ணில் தன் சொந்த எழுத்திலேயே அச்சேறிய பெருமையும் நம் தமிழுக்கே உரியது. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' அந்நூலாகும். ஆகவே, அச்சுக்கலை நம் அடுப்படியிலும் நம் தொழிலிலும் நம் மொழியிலும் ஏற்கெனவே குடியிருக்கும் கலையே.

இக்கலையில் பெற்றோருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச வரும் பெற்றோர் பலர், "ஐயா, எங்களுக்குப் படிப்பு வராது. பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டோம். நீங்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று கூறுவது வழக்கம். அச்சொற்களில் உள்ள நம்பிக்கைக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும், பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் பிள்ளை என்ன எண்ணுகின்றான்? அறிவு என்பது பள்ளியில் மட்டும் இருப்பது, நம் வீட்டில் அது இல்லை என்று எண்ணுகின்றான். நாளடைவில் தாய் தந்தையர் சொல்லுக்கு அவன் மனத்தில் மதிப்புக் குறைகின்றது. எந்தப் பாடத்தில் தோற்றாலும் மறுமுறை முயன்று தேறிவிடலாம். பெற்றோர்மீது கொண்ட மதிப்புக் குறைந்தால் அதை ஈடுசெய்யும் பாடம் எதுவும் இல்லை.

உண்மையில் பெற்றோர்க்கு ஒன்றும் தெரியாதா? பால் வெட்டும் கையை எண்ணிப் பாருங்கள். ஒரு வெட்டுக்குச் சீவப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். கத்தி சற்றே ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். மேலோட்டமாகச் சீவினாலோ பால் குறையும். இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சாய்வு மாறாமல், விடியற்காலை இருட்டில், நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டும் கைக்குத் தெரிந்த அளவும் அழுத்தமும் எந்தப் பாடநூலிலும் இல்லை. செதுக்கிப் பதிக்கும் அச்சுக்கலைக்கு வேண்டியதும் அதே அளவும் அதே அழுத்தமுமே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? இந்த ஒரு பாடத்திலாவது பெற்றோரே மூத்த ஆசிரியராக அமரட்டும்.

இனிச் செய்முறைகளைக் காண்போம். முதலில் வண்ணக்குழம்பு. ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை அரைக்கோப்பைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, இளந்தீயில் கிண்டினால் பசை போன்ற கஞ்சி கிடைக்கும். அது ஆறியபின் கடையில் கிடைக்கும் போஸ்டர் வண்ணத்தைச் சிறிது சேர்த்துக் குழைக்க வேண்டும். கறுப்பு நிறத்திற்கு நன்கு பொடித்துச் சலித்த அடுப்புக்கரியே போதும். பழந்துணியை நான்காக மடித்துத் தட்டில் இட்டு, அதன்மேல் குழம்பைப் பரப்பிக்கொண்டால் அதுவே மை ஒற்றும் மெத்தையாகும்.

முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இலை அச்சு ஏற்றது. இலையின் அடிப்புறத்தில்தான் நரம்புகள் புடைத்து நிற்கும். ஆகவே அடிப்புறத்திலேயே வண்ணம் தடவ வேண்டும். வண்ணம் பூசிய பக்கம் கீழே இருக்குமாறு இலையைத் தாளின்மேல் வைத்து, அதன்மேல் பழைய நாளிதழை மூடி, கரண்டியின் பின்புறத்தால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து, பின்னர் காம்பைப் பிடித்து மெல்ல எடுக்க வேண்டும். மரவள்ளி இலை கை விரித்தாற்போல் பதியும். பால்மர இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளோடு பதியும். மரத்தில் பறித்தால் பால் வடியும். ஆதலின் புதிதாக உதிர்ந்த இலையைப் பொறுக்குவதே நன்று. சருகாகிவிட்ட இலை நொறுங்கிவிடும்.

அடுத்தது காய்கறி அச்சு. முற்றிச் சமையலுக்கு உதவாத வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூப்போன்ற வடிவம் கிடைக்கும். வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு போன்ற அறைகள் தெரியும். நட்சத்திரப் பழம் தன் பெயருக்கேற்பப் பதியும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றிச் சற்று நேரம் உலரவிட வேண்டும். ஈரம் இருந்தால் வண்ணம் ஒட்டாது. உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வேண்டிய வடிவத்தை மட்டும் நிறுத்திச் சுற்றியுள்ள பகுதியை அரை செண்டிமீட்டர் ஆழத்திற்குச் சீவி எடுத்தால் பிள்ளை விரும்பும் எந்த உருவத்தையும் பதிக்கலாம். சீவும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கீழ்வகுப்புப் பிள்ளைகளின் கையில் கத்தியைக் கொடுத்தல் கூடாது. பிள்ளை உருவத்தை வரையட்டும், தந்தையோ தாயோ செதுக்கட்டும், பிள்ளையே பதிக்கட்டும். இருவரும் சேர்ந்து செய்த பொருள் அன்றோ அது!

மேல்வகுப்பு மாணவர்க்குச் செருப்பு அச்சைப் பரிந்துரைக்கின்றோம். வார் அறுந்த ரப்பர் செருப்பைக் கழுவி உலர்த்தி, அடிப்பாகத்தில் பேனாவால் உருவம் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு பலகைத் துண்டின்மேல் ஒட்டிவிட்டால் முத்திரை ஆயத்தம். காய்கறி அச்சு மறுநாள் வாடிவிடும். செருப்பு அச்சோ பல மாதங்கள் உழைக்கும். ஒரே அச்சிலிருந்து ஐம்பது தாள்கள் எடுத்தாலும் தேயாது.

இம்முறையில் மாணவர் தம் பெயரின் முதலெழுத்தைச் செய்துபார்த்தால் ஒரு வியப்பைக் காண்பர். 'ப' என்னும் எழுத்து ஏறக்குறைய நேராகவே பதியும். 'ட' திரும்பி நிற்கும். அச்சில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறும் என்பதை நாம் எத்தனை முறை கூறினாலும் மறந்துவிடும் பிள்ளை, தன் பெயரே திரும்பி நிற்பதைக் கண்டால் மறக்கவே மாட்டான். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து நூல் அச்சிட்ட காலத்தில், அத்தொழிலாளர் எழுத்துகளைத் திருப்பிப் படிக்கவே பழகியிருந்தனர். மெல்லிய தாளில் எழுத்தை வரைந்து, தாளைத் திருப்பி, மறுபுறம் தெரியும் கோட்டைப் பார்த்து வெட்டுவது எளிய வழி.

எல்லா அச்சுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வண்ணம் மிகுந்தால் உருவம் கெடும். இதை அச்சு முறுக்குச் சுடும் தாய்மார் நன்கு அறிவர். அச்சை மாவில் முழுவதும் அமிழ்த்திவிட்டால் மாவு மேலேறி மூடிக்கொள்ளும். முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. விளிம்புக்குக் கீழே நிறுத்துவதே பக்குவம். அந்தப் பக்குவத்தைத் தாயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முதல் அச்சு பெரும்பாலும் திட்டுத்திட்டாக வரும். இரண்டாவதும் மூன்றாவதும் தெளியும். எனவே முதல் தாளைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா.

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை நாம் அறிவோம். சட்டை அழுக்காகும் என்பர் சிலர். பழைய சட்டையை அணிவித்தால் போயிற்று. மதிப்பெண் கிடைக்குமா என்பர் வேறு சிலர். 1988 முதல் நடைபெற்றுவந்த ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போனபின்னும் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் மொழிக்கும் கடன் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் போகவில்லை. அந்தக் கடன் திருப்பித் தரப்படுவதும் இல்லை. அச்சுப் பதிப்பு காட்சிக்கலைக் கல்வியின் ஒரு பகுதியே அன்றி, ஆசிரியர் விருப்பப்படி சேர்த்துக்கொண்ட விளையாட்டு அன்று. ஒரு தாளை நான்கு முறை மடித்துப் பிரித்தால் 16 கட்டங்கள் வரும். ஒன்றுவிட்டு ஒன்றாக இரு உருவங்களைப் பதித்தால் பாதியும் காலும் பெருக்கலும் தாமே விளங்கும். இலை நரம்பைப் பதித்தவன் அறிவியலில் அதை மறவான். இவை யாவும் மெய்யே. ஆயினும் மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் செய்யுங்கள் என்று நாம் கூறமாட்டோம்.

நம் பிள்ளைகளை ஒரு வீடும் இரண்டு மலையும் நடுவில் ஒரு சூரியனும் வரையச் சொன்னால் எல்லாரும் ஒரேமாதிரி வரைகின்றனர். வண்ணம் தீட்டும் போட்டிகளிலோ யாரோ வரைந்த கோட்டுக்குள் நிறம் நிரப்புகின்றனர். போட்டி முடிந்ததும் அத்தாள் குப்பைக்குப் போகின்றது. தன் கையால் ஓர் அச்சைச் செய்த பிள்ளை, தனக்கென ஒரு வடிவத்தைத் தேடுகின்றான். அது ஒன்றுக்குப் பத்தாகப் பெருகும்போது, பிறர்க்குக் கொடுக்கத் தன்னிடமும் ஒன்று உண்டு என்று உணர்கின்றான். பொங்கல் வாழ்த்தட்டையையும் மே 16ஆம் நாள் ஆசிரியர் தின வாழ்த்தையும் கடையில் வாங்காமல் தானே பதித்துத் தரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வர்.

சிறு பள்ளிகளுக்கு இது மேலும் பொருந்தும். மாணவர் தொகை குறைந்து இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பாக நடத்தும் பள்ளிகள் நம்மிடையே உள்ளன. அங்கே சிறியவர் இலையையும் பெரியவர் செருப்பையும் ஒரே மேசையில் பதிக்கலாம். மூத்தவர் இளையவர்க்குக் கற்றுத்தரலாம்.

பெற்றோர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையுடன் அமருங்கள். பிள்ளைக்காக நீங்களே வரைந்துவிடாதீர்கள். செதுக்குவதில் மட்டும் துணைநில்லுங்கள். பதித்த தாளில் நாளைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். பால்மரங்கள் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு காண்கின்றன. பல இடங்களில் அவற்றின் இடத்தில் செம்பனை எழுந்தது. வேறு சில இடங்களில் வீடுகள் எழுந்தன. நீங்கள் இன்று காணும் மரங்கள் என்றும் நிற்பவை அல்ல. வரும் விடுமுறையில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பத்து மரஞ்செடிகளின் இலைகளைப் பதித்து ஓர் ஏடாகத் தையுங்கள். ஒவ்வோர் இலையின் பெயரையும் பயனையும் தாய் தந்தையரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டு அதனடியில் எழுதுங்கள். பள்ளி திறந்ததும் அவ்வேடுகளை நம் நூலகத்தில் வைப்போம். அவற்றின் முகப்பில் உங்கள் பெயரோடு, உங்களுக்குச் சொல்லித்தந்தவர் பெயரும் இருக்கட்டும்.