கைப்பேசிக்குப் பதில் சொல்லத் தெரியாது

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் தலைமையில் நடந்து, 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கைக்குழந்தை இருக்கும் எல்லா வீடுகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து, படக்கதை சொல்லி, பொம்மை காட்டி விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஏறவில்லை.

ஆளும் பேச்சும் ஒன்றுதான். ஆனால், குழந்தை சிரித்தால் திரை திரும்பிச் சிரிக்காது.

இன்று பல வீடுகளில் கைப்பேசியில் ரைம்ஸ் ஓடினால்தான் குழந்தை சோற்றுக்கு வாயைத் திறக்கிறது. பாட்டு கேட்டால் பேச்சு சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகும் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கண் கெட்டுவிடும் என்ற கவலையைவிடப் பெரிய கவலை, அந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டிய பேச்சு நடக்காமல் போவது.

பேச்சு வாயில் தொடங்குவதற்கு வெகு முன்பே காதில் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை தாயின் குரலை அடையாளம் காணும். பட்டு, பத்து என்ற சொற்களில் வரும் டகரமும் தகரமும் ஆங்கிலேயர் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். இதே வேறுபாட்டை இந்தி ஒலிகளைக் கொண்டு கனடாவில் சோதித்தார்கள். ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் அதை எளிதாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் இழந்துவிட்டன. சுற்றிலும் பேசப்படும் மொழிக்கு ஏற்பக் காது அவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது.

அதன் பிறகு நடப்பதைத் திண்ணையில் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் குழந்தை தெருவைக் காட்டி “மா” என்கிறது. “ஆமாடி தங்கம், மாடு! மாடு என்ன பண்ணுது? வைக்கோல் திங்குது” என்கிறாள் பாட்டி. “திங்கு” என்கிறது குழந்தை. ஓரெழுத்தைச் சொல்லாக்கி, சொல்லை வாக்கியமாக்கி, கேள்வியும் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள் பாட்டி. எந்தச் செயலியும் இந்தக் குழந்தையின் விரல் காட்டும் திசையைப் பார்ப்பதில்லை.

மம்மு, ஜோஜோ என்று இழுத்து ராகம் போட்டுப் பேசுவதும் வீண் செல்லமல்ல. நான்கு மாதக் குழந்தைகள் அப்படிப்பட்ட குரலையே விரும்பிக் கேட்கின்றன என்று ஆன் ஃபெர்னால்டு 1985இல் காட்டினார். தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையிடம் பேச முயலும் பெற்றோர், இந்த ராகத்தையும் கொஞ்சலையும் கதையையும் சேர்த்தே கைவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. வீட்டில் பேச்சு குறைந்தால்தான் சிக்கல்.

இதற்கெல்லாம் தாயை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து, அடுப்பையும் பார்க்கும் பெண்ணுக்குக் கைப்பேசிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருக்கிறது. சோறு ஊட்டும் அரை மணி நேரத்தை அப்பாவோ தாத்தாவோ எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் அப்பா வீடியோ அழைப்பில் பேசலாம். அங்கே பதில் சொல்ல ஆள் இருப்பதால், இரண்டு வயதுக் குழந்தைகள் அப்படியும் புதிய சொற்களைக் கற்கின்றன.

அரசுக்கும் வேலை இருக்கிறது. அங்கன்வாடிகளில் எடை பார்ப்பதற்கும் பதிவேட்டுக்கும் போக, குழந்தைகளோடு உட்கார்ந்து பேசப் பணியாளருக்கு நேரம் வேண்டும். அதற்கு ஆள் பலம் கூட வேண்டும். பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செவித்திறன் சோதனை நடக்க வேண்டும். காது கேளாத குழந்தைக்கான காக்ளியர் கருவி அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை, “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று காத்திருக்க வைக்காமல், முதலில் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.