அம்பு போனது, எய்தவன் இருக்கிறான்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆண்டு மலர் என்றாலே அன்னையைப் பற்றி ஒரு கவிதை, வரதட்சணையைப் பற்றி ஒரு கட்டுரை, கடைசிப் பக்கத்தில் நாலு துணுக்கு. இதுதான் வழக்கம். நான் கால்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், "ஏம்ப்பா, நமக்கும் மான்செஸ்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இருக்கிறது சம்பந்தம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் விடுதியில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் ஒரு அறைக்கு ஒருவராவது இருக்கிறோம். சனி, ஞாயிறு ராத்திரி மேட்ச் முடிந்ததும் நடக்கிற சண்டையை வார்டன் சாருக்கே தெரியும். அணி தோற்றால் உடனே ஒரு குரல் எழும்: "அந்த ஆளைத் தூக்கினாத்தான்டா டீம் உருப்படும்!" 'அந்த ஆள்' யார் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் பயிற்சியாளர், ஒரு வருஷம் நிர்வாகி. என் கேள்வி இதுதான்: ஆளைத் தூக்கினால் டீம் உருப்படுமா? ஊகம் வேண்டாம். நடந்த கதை ஒன்று கண் முன்னால் இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் சேர்ந்து 'சூப்பர் லீக்' என்று தனிக்கடை போடுவதாக அறிவித்தன. அதில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள், யுனைடெட்டும் ஒன்று. ஆரம்பித்தவர்களுக்கு அதில் நிரந்தர இடம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் வெளியே போக வேண்டாம்! அதாவது, பரீட்சை எழுதாமலே வருஷா வருஷம் பாஸ். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். இரண்டே நாளில், 20-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. அதே நாளில் இன்னொரு செய்தியும் வந்தது. யுனைடெட்டின் நிர்வாகத் துணைத் தலைவர் எட் உட்வர்ட் பதவி விலகுகிறார்!

யுனைடெட் ரசிகர்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒரே நாளில் வந்த மாதிரி இருந்தது. காரணம் உண்டு. 2013-ல் உட்வர்ட் பொறுப்புக்கு வந்தபோது அணி லீக் சாம்பியன். அதற்குப் பிறகு மோயஸ், வான் கால், மொரீன்யோ, சோல்ஷேர் என்று பயிற்சியாளர்கள் வரிசையாக வந்தார்களே தவிர, லீக் கோப்பை வரவில்லை. 2012-ல் கையை விட்டுப் போன போக்பாவை 2016-ல் 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அன்றைக்கு அது உலக சாதனை விலை. அதே போக்பா 2022-ல் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு பைசா கிடைக்காமல் கிளம்பிப் போனார். இப்படிக் கணக்குப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

சரி, உட்வர்ட் போனார். 2022 பிப்ரவரி தொடக்கத்தில் நாற்காலியைக் காலி செய்தார். ரிச்சர்ட் ஆர்னால்ட் வந்தார். பிறகு என்ன ஆனது?

2021-22 பருவத்தில் அணி எடுத்தது 58 புள்ளி. பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை அந்த அணி எடுத்த மிகக் குறைந்த புள்ளி. 2022 ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டிடம் 4-0. 2023 மார்ச்சில் லிவர்பூலிடம் 7-0! அந்தப் பருவத்தில் மூன்றாம் இடமும் லீக் கப்பும் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். "ஆகா, விடிந்தது" என்று நினைத்தோம். அடுத்த பருவம் எட்டாம் இடம். ஆர்னால்ட் 2023 நவம்பரில் விலகுவதாக அறிவிப்பு வந்தது. 2024-ல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது உண்மை. ஆனால் 2024-25-ல்? 42 புள்ளி, பதினைந்தாம் இடம். அதற்கு நடுவே, 2024 ஜூலையில் கால்பந்து இயக்குநராக வந்த டான் ஆஷ்வொர்த், டிசம்பரிலேயே போய்விட்டார். ஐந்து மாதம்! நம்ம செமஸ்டரே அவ்வளவு நாள்தான் ஓடும்.

ஆக, ஆள் போனார், ஆள் வந்தார், மறுபடியும் போனார். அணி மட்டும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே இருந்தது.

நமக்கு வொர்க்‌ஷாப்பில் முதலில் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. பேரிங் போனால் மாற்று. அதே இடத்தில் மறுபடியும் போனால் இன்னொரு பேரிங் வாங்க ஓடாதே. ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று அலைன்மென்ட்டைப் பார். ஷாஃப்ட் கோணலாக இருக்கிற வரைக்கும் எவ்வளவு விலை உயர்ந்த பேரிங் போட்டாலும் தேய்ந்துதான் தீரும். ரசிகர்கள் பேரிங்கைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஷாஃப்ட் எங்கே கோணியது?

2005-க்குப் போவோம். அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் சுமார் 790 மில்லியன் பவுண்டுக்கு இந்தக் கிளப்பை வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். வாங்கியவர் பட்ட கடனின் பெரும் பாரத்தை வாங்கப்பட்ட கிளப்பின் தலையிலேயே ஏற்றினார்கள். நம்ம ஊர்ப் பாணியில் சொன்னால், ஒருத்தர் உங்கள் வீட்டை உங்கள் வீட்டுப் பத்திரத்தையே அடமானம் வைத்து வாங்கி, வட்டியையும் உங்களையே கட்டச் சொன்ன மாதிரி! அதற்கு முன் கடனே இல்லாமல் இருந்த கிளப் அது. அந்த வாங்கலுக்கு ஆலோசனை சொன்ன வங்கியாளர் யார் தெரியுமா? இதே உட்வர்ட்தான்! கிளேசர் குடும்பம்தான் அவரைக் கிளப்புக்குள் கொண்டுவந்து, பின்னால் நாற்காலியும் கொடுத்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். உட்வர்ட் தன் வேலையில் தோற்றவர் இல்லை. அடிடாஸ் நிறுவனத்தோடு பத்து வருஷத்துக்கு 750 மில்லியன் பவுண்டு ஒப்பந்தம் 2014-ல் அவர் காலத்தில்தான் வந்தது. மைதானத்தில் அணி எப்படி ஆடுகிறது என்பது எங்கள் வியாபாரத்தைப் பெரிதாகப் பாதிக்காது என்று 2018-ல் முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னவர் அவர். நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் முதலாளிக்கு அது இனிக்கும் செய்தி. பணம் கொண்டு வா என்றார்கள், கொண்டு வந்தார். கோப்பை கொண்டு வா என்று கேட்டவர்கள் ரசிகர்கள். அவரை வேலைக்கு வைத்தவர்கள் ரசிகர்கள் அல்லவே!

"அப்படின்னா ஆளே முக்கியம் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். முக்கியம்தான். 2013-ல் அலெக்ஸ் ஃபெர்குசனும், தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒரே சமயத்தில் விலகினார்கள். சாம்பியன் அணி அடுத்த வருஷமே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. நல்ல ஆள் போனால் நஷ்டம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. கிளேசர் வந்த பிறகும் 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார் ஃபெர்குசன். 2008-ல் மாஸ்கோவில் ஐரோப்பியக் கோப்பையும் வந்தது. ஒரு மாமனிதர் எட்டு வருஷம் முட்டுக் கொடுத்து நின்றதால், சுவரில் இருந்த விரிசல் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முட்டை எடுத்ததும் தெரிந்தது. 2024 மே மாதம் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் அருவியாகக் கொட்டியதை நாமெல்லாம் பார்த்தோமே! பராமரிப்பு பார்க்காத இயந்திரம் என்றைக்காவது ஒரு நாள் எல்லார் முன்னாலும் நிற்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஆலையின் பேர் வேண்டாம். அங்கே ஒரு மேனேஜர் தொழிலாளர்களைப் பாடாய்ப் படுத்தினாராம். அவருக்கு மாற்றல் வந்த அன்று எல்லாரும் காசு போட்டு ஸ்வீட் வாங்கிச் சாப்பிட்டார்களாம். புது மேனேஜர் வந்தார். சிரித்த முகம். வாங்க, போங்க என்று மரியாதையான பேச்சு. ஆனால் மூணாம் நாளே அதே டபுள் ஷிப்டு, அதே பிடித்தம். அப்பா அந்தக் கதையை இப்படித்தான் முடிப்பார்: "மேனேஜரு கையெழுத்துப் போடறவருடா. கணக்குப் போடறவரு வேற." நான் படித்த எந்தப் பத்திரிகையும் உட்வர்ட் விவகாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கோபம் தவறான ஆள் மேல் போனால் இன்னொரு கெடுதலும் உண்டு. 2020 ஜனவரியில் ஒரு கும்பல் உட்வர்ட்டின் வீட்டு வாசலுக்கே போய்த் தீப்பொறி கக்கும் வாணங்களை எறிந்தது. மைதானத்தில் அவர் சாக வேண்டும் என்று பாட்டுப் பாடினார்கள். இது ரசிகத்தன்மையா? இல்லை, ரவுடித்தனம். அதனால் கிளேசர் குடும்பத்துக்கு ஒரு பைசா நஷ்டம் உண்டா? இல்லவே இல்லை. திட்டு வாங்குவதற்கென்றே ஒரு ஆள் முன்னால் நிற்பது பின்னால் இருப்பவருக்கு வசதிதானே! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அப்படியென்றால் கோபமே கூடாதா? கூடும், தோழர்களே! சரியான இடத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2005-லேயே, கிளேசர் கையில் போன கிளப் வேண்டாம் என்று பிரிந்த ரசிகர்கள் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பணக்காரனானாலும் ஏழையானாலும் ஒரு உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. 2010-ல் ஆயிரக்கணக்கானவர்கள் சிவப்பை விட்டுவிட்டுப் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டைக் கழுத்தில் கட்டி வந்தார்கள். அது கிளப்பின் பழைய நிறம். அவர்கள் நிர்வாகியைப் பார்த்து அல்ல, முதலாளியைப் பார்த்துக் கேட்டார்கள்.

ஜெர்மனியில் விதியே வேறு. ஓரிரு விலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும். அங்கே லீக்கின் வருமானத்தில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்கத் திட்டம் போட்டபோது, ரசிகர்கள் யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை. ஆட்டத்துக்கு நடுவே மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்தார்கள். வாரா வாரம் ஆட்டம் நின்றது. 2024 பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. இங்கிலாந்திலும் சூப்பர் லீக் கோபம் வீணாகவில்லை. அதன் தொடர்ச்சியாக ரசிகர்களை முன்வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கிளப் முதலாளிகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 2025 ஜூலையில் சட்டமே வந்துவிட்டது. ஒரு உட்வர்ட் விலகியதைவிட இது நூறு மடங்கு பெரிய வெற்றி. ஆனால் இதற்கு யாராவது நம் விடுதியில் கைதட்டினார்களா? இல்லை. விதி மாறுவது டிவியில் கோல் மாதிரித் தெரியாதே!

இப்போது மலர்க்குழு நண்பரின் கேள்விக்கு வருகிறேன். என்ன சம்பந்தம்? இந்தக் கிளப்பை 1878-ல் ஆரம்பித்தவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் ரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்த தொழிலாளிகள். லேத்திலும் பட்டறையிலும் உழைத்துவிட்டு, எண்ணெய்க் கறை கையோடு ஆடப் போனவர்கள். அதாவது நம்ம ஆட்கள்! 2024 நவம்பரில் அதே கிளப், உறுப்பினர்களுக்கு மீதமிருந்த டிக்கெட்டுக்கு ஒரே விலை 66 பவுண்டு என்று வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சலுகை இல்லை, ஓய்வு பெற்ற பெரியவருக்கும் இல்லை. பட்டறைத் தொழிலாளி ஆரம்பித்த ஆட்டத்தைப் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை பார்க்க முடியவில்லை என்றால், பதினைந்தாம் இடத்தைவிடப் பெரிய தோல்வி அதுதான் என்பேன்.

நாளைக்கு நாமும் பட்டறைக்குப் போகிறவர்கள். நமக்கு மேலேயும் சூப்பர்வைசர் வருவார், போவார். கிளப்பிலும் இன்னும் பல நிர்வாகிகள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் விசில் அடிப்பது சுலபம். ஆனால் அடுத்த தடவை "அந்த ஆளைத் தூக்கு" என்று குரல் கேட்டால், விசிலுக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இவரை நாற்காலியில் உட்கார வைத்தது யார்? அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கப் போவது யார்? அதில் டிக்கெட் வாங்குகிறவனுக்கு ஓட்டு உண்டா?

மூன்றாவது கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வருகிற அன்று, தோழர்களே, விசில் மட்டும் போதாது. மேளமே கொட்டலாம்!