கடைக்கு உரிமம், கைக்கு?

எங்கள் சங்கராபுரத்தில் அழகு நிலையங்கள் பெருகிவிட்டன. வீட்டு முன்னறையிலேயே நாற்காலி போட்டவர்களும் உண்டு. பெண்கள் சொந்தக் காலில் நிற்பது நல்லதுதான்.

கடை நடத்தப் பேரூராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் முகத்தில் கை வைப்பவர் வேலை கற்றவரா என்று அந்த உரிமம் கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யில் ஓராண்டு அழகுக்கலை படித்தவருக்கும், பத்து நாள் வகுப்புக்குப் போனவருக்கும் பலகை ஒன்றுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரான்சு நாட்டு நடப்பைக் கவனிப்பேன். அங்கே சட்டப்படி, இத்தொழிலைத் தகுதி பெற்றவர் செய்ய வேண்டும். அல்லது அவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவருக்கு மூன்றாண்டு அனுபவம் போதும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ 600 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கேட்கிறார்கள்.

இங்கே அத்தனை கெடுபிடி வேண்டாம். கட்டணமும் காகிதமும் கூடினால் ஏழைப் பெண்தான் முதலில் பின்வாங்குவாள். குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது தெரியும். தொழிலுக்கு அனுபவத்தையே தகுதியாக ஏற்கலாம். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் ஒரு நாள் வகுப்பு, தமிழில் வாய்மொழித் தேர்வு, அரசு அட்டை என்று வைத்தால் போதும்.

தலைச்சாயத்திலுள்ள பி.பி.டி. சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். 48 மணி நேரம் முன்பே தோலில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். ஒருவருக்குப் போட்ட பிளேடை அடுத்தவருக்குப் போடக் கூடாது.

நம் வயதில் சாயம் பூசுவோர் அதிகம். அட்டை வரும்வரை, நாற்காலியில் உட்காருமுன் இந்த இரண்டையும் நாமே கேட்டுவிடுவோம்.