உறக்கத்தில் நின்றுபோகும் மூச்சு

படுத்த ஐந்தாம் நிமிடத்தில் குறட்டை விடத் தொடங்குபவரைப் பார்த்து, ‘கொடுத்துவைத்தவர், கவலையின்றி உறங்குகிறார்’ என்று வீட்டார் சொல்வது வழக்கம். குறட்டை ஓங்க ஓங்க உறக்கமும் ஆழ்ந்திருக்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் குறட்டை என்பது குறுகிப்போன வழியினூடே காற்று முட்டி மோதிச் செல்லும் ஓசை. அந்த வழி முற்றிலும் அடைபட்டால் ஓசையும் நின்றுவிடும். ‘அப்பாடா, குறட்டை ஓய்ந்தது’ என்று அருகில் படுத்திருப்பவர் நிம்மதி கொள்ளும் கணத்தில், உறங்குபவரின் மூச்சே நின்றிருக்கக்கூடும்.

மருத்துவர்கள் இதனை ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கிறார்கள். மூச்சற்ற நிலை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கியதும் அவை தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்பகுதியும் பின்புறம் சரிகின்றன. பெரும்பாலோருக்கு அப்போதும் காற்று செல்லப் போதிய இடமிருக்கும். சிலருக்கு வழி மூடிக்கொள்கிறது. மார்பு மூச்சிழுக்க முயல்கிறது, காற்று வருவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. அபாயத்தை உணர்ந்த மூளை உடலை உலுக்கி எழுப்ப, ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. உடனே மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. உறங்குபவருக்கு இவற்றில் ஒன்றுகூடக் காலையில் நினைவிருப்பதில்லை.

நெடுநேரம் உறங்குபவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்யாத வீடு இல்லை. வரம் கேட்கும் வேளையில் அவனுடைய நாக்கு புரண்டதால் ஓயாத நித்திரை வாய்த்தது என்பது கதை. இந்நோயாளிக்கோ நாக்கு பின்னே சரிவதால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் நித்திரை வாய்ப்பதில்லை. ஆதலால் கேலிக்குரியவர் அல்லர் அவர். பல ஆண்டுகளாகச் சரியாக உறங்காதவர்.

இரவில் கிட்டாத உறக்கம் பகலில் வந்து கடனைக் கேட்கிறது. உபன்யாசம் தொடங்கிய கால் மணி நேரத்தில் தலை சாய்கிறது. ஜபத்துக்கு அமர்ந்தால் கண் சொக்குகிறது. ‘பெருமாள் கதை என்றால் இவருக்குத் தூக்கம் வந்துவிடும்’ என்று சுற்றத்தார் சிரிக்கிறார்கள். பக்தியின் குறைவாக இதனை எண்ணி மனத்துக்குள் குமைபவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வொர்த் வினாப்பட்டியல் இதைத்தான் வேறு விதமாகக் கேட்கிறது: படிக்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, போக்குவரத்து நெரிசலில் வாகனம் நிற்கும்போது கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு? எட்டு வினாக்கள், மொத்தம் 24 மதிப்பெண்கள். பத்துக்கு மேல் பெற்றால் பகலுறக்கம் அளவுமீறியது எனக் கொள்ள வேண்டும்.

உறக்கச் சடைவோடு முடிந்துவிடும் நோயன்று இது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் உடல், உயிருக்கு ஆபத்து நேர்ந்ததுபோல இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. மூன்று மாத்திரைகள் உட்கொண்டும் கட்டுப்படாத இரத்த அழுத்தத்தின் பின்னால் இந்நோய் மறைந்திருப்பதுண்டு. சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்புண்டு. காலையில் தலைவலியோடு எழுவதும், வாய் வறண்டிருப்பதும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் தமது 69ஆம் வயதில் மறைந்தபோது, மருத்துவர்கள் இந்நோயின் பெயரைச் சொன்னார்கள். அதுவரை கேள்விப்படாத சொல்லாக இருந்தது, அன்று நாளிதழ்களின் முதற்பக்கங்களில் இடம்பெற்றது.

உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 93 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் இந்நோய் இருக்கக்கூடும் என்பது 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு. பருத்த உடலும் தடித்த கழுத்தும் உடையோர்க்கே இது வரும் என்று எண்ணிவிடலாகாது. தாடை சிறுத்தோ உள்வாங்கியோ அமைந்திருந்தால் மெலிந்தவர்க்கும் வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அவர்களிடம் குறட்டையைக் காட்டிலும் சோர்வு, உறக்கமின்மை, மனவாட்டம் என்னும் வேடங்களில் அது வருவதால், மருத்துவர்களே தவறவிடுவதுண்டு. வாயால் மூச்சுவிட்டு உறங்கி, குறட்டையும் விடும் குழந்தைக்கு டான்சிலோ அடினாய்டோ வீங்கியிருக்கலாம். அத்தகைய குழந்தை பகலில் தூங்கி வழிவதைவிட, ஓரிடத்தில் அமராமல் துறுதுறுவென்றிருப்பதே மிகுதி. பாடத்தில் மனம் செல்லவில்லை என்று அதனைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், ஒரு முறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நலம்.

ஒரு காலத்தில், கடுமையான ஆப்னியாவுக்கு உறுதியான சிகிச்சை என்றிருந்தது ஒன்றுதான்: கழுத்தில் துளையிட்டு, தொண்டையின் அடைப்புக்குக் கீழே மூச்சுக்கு வழி செய்வது. 1980 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அத்தகைய நோயாளி ஒருவர் துளையிட்டுக்கொள்ளத் தயங்கினார். வேறு வழி உண்டா என்று கேட்டார். மருத்துவர் காலின் சல்லிவனிடம் ஒரு யோசனை இருந்தது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு காற்றை மெல்லிய அழுத்தத்தோடு மூக்கின் வழியே இடைவிடாது செலுத்தினால், அந்தக் காற்றே தொண்டைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் அல்லவா? இரவு முழுவதும் அந்நோயாளி மூச்சு நிற்காமல் உறங்கினார். மறுநாள் தெளிந்த விழிகளோடு எழுந்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனைச் சல்லிவனும் அவருடைய சகாக்களும் 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் படுக்கையருகே இருக்கும் ‘சிபேப்’ கருவியின் பிறப்பு இதுவே.

நோயைக் கண்டறிவதில் முதற்பொறுப்பு வீட்டாருடையது. நோயாளிக்குத் தம் நோய் தெரிவதில்லை. சொன்னாலும், ‘நானா குறட்டை விடுகிறேன்?’ என்று கோபம் கொள்வார். எனவே விவாதம் வேண்டா; பல்லாண்டு விவாதித்தும் பலன் கண்ட இல்லத்தரசி அரிது. ஓரிரவு அவர் உறங்கும் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்வதே போதும். குறட்டை, திடீர் அமைதி, பின்னர் செருமலோடு எழும் மூச்சு என்ற வரிசை அதில் கேட்குமானால், நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அதனைப் போட்டுக் காட்டலாம். குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பதையும் மறத்தல் ஆகாது. உறுதி செய்வது ஓரிரவுப் பரிசோதனை. தலை, மார்பு, விரல் ஆகியவற்றில் உணர்கருவிகளைப் பொருத்தி, மூச்சு பத்து விநாடிகளேனும் நிற்பதையும், மிகவும் குறைந்து பிராணவாயு தாழ்வதையும் எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 15ஐத் தாண்டினால் நடுத்தரம். 30 என்பது கடுமை. மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை.

கருவியை மாட்டிக்கொள்ள முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கும். முகமூடி இறுக்குவதும் மூக்கு வறள்வதும் பலரைக் கைவிடச் செய்கின்றன. அளவு மாற்றிப் பார்க்காமலேயே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். விருந்தினர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்னும் கூச்சமும் இதிலுண்டு. மூக்குக்கண்ணாடிக்கு இல்லாத கூச்சம் இதற்கு ஏனோ? எடை மிகுந்தவர்கள் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே மூச்சு நிற்கும் எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது. மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு நல்ல பலன் தரும். மது, தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். உறக்கம் போதவில்லை என்று தாமாகவே தூக்க மாத்திரை உட்கொள்வதும் ஆபத்து. எழுப்ப வேண்டிய மூளையையே அது மந்தப்படுத்திவிடக்கூடும். அறுவை சிகிச்சைக்குச் செல்பவர், மயக்க மருந்து கொடுப்பவரிடம் இந்நோயைப் பற்றி முன்னரே சொல்லிவிட வேண்டும்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழும் வழக்கமுடைய குடும்பங்கள் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். சூரியோதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்குவது அது. முந்தைய தலைமுறையினர் அந்நேரத்தில் எளிதாக எழுந்தது, விளக்கணைத்து முன்னிரவிலேயே படுத்ததால்தான். மார்கழியில் நாலரைக்கு எழுபவர், ஏழு மணி நேரமேனும் உறங்க, ஒன்பதரைக்குக் கண் மூட வேண்டும். பதினொன்றரை வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு நாலரைக்கு எழுவது, உடலிடம் வாங்கும் கடன்.

யாத்திரைக் காலத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். கருவியைப் பயன்படுத்துபவர் அதனை வீட்டில் விட்டுச் செல்லலாகாது; தங்குமிடத்தில் கட்டிலருகே மின்னிணைப்பு உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம். கேதார்நாத் போன்ற 3,500 மீட்டர் உயரத் தலங்களில் காற்றில் பிராணவாயு குறைவு. அங்கே இரவு தங்குவதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் பெறுவது அவசியம். வேன் அமர்த்தி இரவோடிரவாகப் பல தலங்களைத் தரிசிக்கும் குழுவினர், ஓட்டுநர் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேட்பதில் தயக்கம் கொள்ள வேண்டியதில்லை. அவர் ஓயாது கொட்டாவி விட்டால், வழியிலுள்ள ஏதேனும் ஒரு சத்திரத்தில் வண்டியை நிறுத்திவிடலாம். நடை திறக்கும் நேரம் தவறினால், அடுத்த கால பூஜைக்குப் போய்க்கொள்ளலாம்.