வாசகர் வேண்டுவது யாது?

புதுச் சஞ்சிகை தொடங்க முனைவோர் இக்காலத்தில் முதற்கண் வினாக்கொத்தொன்றை அச்சிட்டு வாசகரிடம் கொடுக்கின்றனர். அண்மையில் அத்தகைய ஒன்று என் கைக்கும் வந்தது. 'எவ்வகைக் கட்டுரைகளை விரும்புகின்றீர்?' என்பது அதன் முதல் வினா. இவ்வினாவாற் பயனில்லை என்பதே என் துணிபு. பண்டிதன் கேட்டால் மாணவர் 'இலக்கண ஆராய்ச்சி' என்றே எழுதுவர். சஞ்சிகை கைக்கு வந்ததும் புரட்டுவதோ சிறுகதைப் பக்கத்தை.

அமெரிக்கரான ஜோர்ஜ் கலப் 1928இல் அயோவாப் பல்கலைக்கழகத்திற் செய்த கலாநிதிப்பட்ட ஆய்வு இதனைப் பற்றியதே. அவர் முறையில் விருப்பத்தை வினவுதல் இல்லை. செய்தித்தாளை வாசகர் முன் விரித்துப் பக்கம் பக்கமாகச் சென்று, உண்மையிற் படித்தவற்றைச் சுட்டச் செய்தலே உண்டு.

எவரைக் கேட்பது என்பது இதனினும் அரிய வினா. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் அமெரிக்க வார இதழ் 1936இல் ஏறத்தாழ ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டவை மீண்டன. அவற்றை எண்ணி, சனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது, வென்றவர் ரூஸ்வெல்ற். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன. சீட்டைத் திருப்பி அனுப்பாதோர் கருத்தும் வேறாயிருந்தது. இரண்டாண்டில் அவ்விதழே நின்றுபோயிற்று.

என்னிடம் வந்த வினாக்கொத்து இலக்கியக் கூட்டமொன்றிற் பங்கிடப்பட்டது. அங்கு வருவோர் முன்னரே சஞ்சிகை வாங்குவோர். தோட்டப் பாடசாலை ஆசிரியரும், நூலகத்தில் நின்றபடியே படித்து மீளும் மாணவியும் அக்கணக்கில் அகப்படார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா இதழ்களைத் தாமே கொண்டுசென்று விற்றவர். வாங்குவோர் முகமும் மறுப்போர் முகமும் அவர் நேரிற் கண்டவை. அத்துணை நடக்க இயலாதோர், மாதிரி இதழொன்றிற் சில படிகளை ஊர் நூலகங்களில் வைத்து, ஒரு திங்கள் கழிந்தபின் எப்பக்கங்கள் விரல்பட்டு அழுக்கேறியுள்ளன என்று பார்க்கட்டும்.