முழங்காலைப் பார்த்து எதிர்காலம் சொல்லலாமா?

போன வருடம் ஒரு வலைப்பந்துப் பயிற்சி முகாமில் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒரு சிறிய பெட்டியின் மேல் ஏறிக் கீழே குதித்து உடனே மேலே எம்பச் சொன்னார்கள். முன்னால் ஒருவர் நின்று ஃபோனில் வீடியோ எடுத்தார். என் சாச்சியின் மகள் குதித்து இறங்கியபோது அவளுடைய முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்தன. "முழங்கால் நார் அறுந்துபோகும் ஆபத்து அதிகம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. சாச்சி அந்தத் தாளை அலமாரியில் வைத்தார். அவளுடைய விளையாட்டுச் சப்பாத்தும் அதோடு அலமாரிக்குள் போய்விட்டது. அவளுக்குப் பதினைந்து வயது.

சாச்சியில் நான் பிழை சொல்ல மாட்டேன். அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே குறுக்காகப் பிணைக்கும் நார் அது, ஏ.சி.எல். என்பார்கள். பெரும்பாலும் யாரும் வந்து மோதி அது அறுவதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, குதித்து இறங்கும்போது அறுகிறது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் அதோடு ஓட முடியாது, நின்றே ஆகவேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். அறுந்தால் பலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ ஒரு வருடமோ ஆகும். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக நடக்கிறது.

ஆனால் அந்தத் தாளை நம்பலாமா? 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 205 மாணவிகளை இப்படிக் குதிக்க வைத்து அளந்திருந்தார்கள். பிறகு 9 பேருக்கு நார் அறுந்தது. அவர்களுடைய முழங்கால்கள் முன்பே உள்ளே சாய்ந்திருந்தன. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பின்னர் நோர்வேயில் ஹேண்ட்போல், உதைபந்தாட்ட வீராங்கனைகள் 710 பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 42 பேருக்கு மோதல் இல்லாமலே நார் அறுந்தது. ஆனால் யாருக்கு அறும் என்பதைக் குதிக்கும் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே சாய்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நேராக இறங்கியவர்கள் சிலருக்கும் அறுந்தது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நூறு பிள்ளைகளில் ஒரு வருடத்தில் இருவருக்கு நார் அறும் என்று வையுங்கள். சோதனை முப்பது பேரை "ஆபத்து" என்கிறது. அந்த இருவரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள் என்றும் வையுங்கள். அப்படிச் சோதனை மிக நன்றாக வேலை செய்தாலும் 28 பேர் வீணாக வீட்டில் இருப்பார்கள்.

எனக்கு அன்று "பரவாயில்லை" என்று எழுதினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். அதனால் எனக்கும் எந்தப் பயிற்சியும் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

சுவீடனில் வேறு வழியில் போனார்கள். 12 முதல் 17 வயது வரையான உதைபந்தாட்டப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேல் அந்த ஆய்வில் இருந்தார்கள். யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. ஒரு பகுதிக் கழகங்களில் எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு தடவை 15 நிமிடப் பயிற்சி: ஒற்றைக் காலில் நின்று முழங்காலை மடித்தல், இடுப்பை உயர்த்துதல், குதித்து மெதுவாக இறங்குதல் போன்றவை. ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. 2012இல் முடிவு வந்தது: அந்தப் பயிற்சி செய்த பக்கத்தில் ஏ.சி.எல். காயம் 64 வீதம் குறைவு.

குதிக்கும் வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படி இறங்குகிறாள் என்று ஒரு பிள்ளைக்குக் காட்டித் திருத்த அது நல்லது. அணியில் சேர்ப்பதா, விடுவதா என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. எங்களைப் போன்ற பிள்ளைகளை மைதானத்திலிருந்து கூப்பிட்டுக்கொள்ள ஏற்கனவே காரணங்கள் நிறைய இருக்கின்றன: வெயில், டியூஷன், "வயசுக்கு வந்த பிள்ளை" என்ற பேச்சு. டொக்டர் எழுதியது போலத் தெரியும் ஒரு தாள் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாதாட மாட்டார்கள்.

உம்மாமாரே, வாப்பாமாரே, அப்படி ஒரு தாள் வீட்டுக்கு வந்தால், பயிற்சி தருபவரிடம் போய் "இதற்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். சாச்சியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் யோசிக்கிறார். நானும் மகளும் இப்போது பின்வளவில், மாமரத்துக்குக் கீழே, கிழமைக்கு இரண்டு நாள் 15 நிமிடம் செய்கிறோம். சப்பாத்து இன்னும் அலமாரியில்தான், வெறுங்காலோடு செய்கிறாள்.