கிளிமூக்கு மாங்காய்க்கு மூன்று நீதியா?

காவேரிப்பட்டணத்தில் பறித்தால் அந்த மாங்காய்க்கு ஒரு விலை. கோலார் ஜில்லா சீனிவாசபுரத்தில் பறித்தால் இன்னொரு விலை. சித்தூரில் பறித்தால் மூன்றாவது விலை. காய் ஒன்றுதான், நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிற, ஆந்திரக்காரர்கள் தோத்தாபுரி என்று சொல்கிற அதே காய். பிழிந்து கூழாக்கும் இயந்திரமும் ஒன்றுதான். இடையில் ஓடுகிற எல்லைக்கோடு மட்டுமே வேறு. 2025ஆம் ஆண்டுக் கோடையில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் மா விவசாயி இந்தக் கோட்டுக்கு அடியில் அகப்பட்டு நசுங்கினார்.

அந்தப் பருவத்தில் கிலோ நாலு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் கேட்டார்கள். பறிப்புக் கூலி, ஏற்றுக் கூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போக மிச்சம் என்ன? பல தோப்புகளில் மிச்சம் என்பதே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஆலை வாசலில் காத்துக் கிடந்து, காய் பழுத்து அழுகியதால் சாலையோரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு.

“இது விவசாயி பிரச்சினை, ஆலைத் தொழிலாளிக்கு இதில் என்ன?” என்று ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் தோழர் கேட்கலாம். கேட்கட்டும். அவருக்கு நாம் திருப்பிக் கேட்பது இது: தோழரே, உங்களுடன் நிற்கிற ஒப்பந்தத் தொழிலாளியின் தகப்பனார் யார்? போச்சம்பள்ளியிலோ பர்கூரிலோ மத்தூரிலோ இரண்டு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருப்பவர். தோப்பு சோறு போட்டால் மகன் கூலிக்குப் பேரம் பேசுவான். போடாவிட்டால் கிடைத்த கூலிக்குக் கேட்டில் வந்து நிற்பான். தோப்பில் விலை விழுந்தால் ஆலை வாசலில் கூலி விழும். இதை முதலாளி நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். நாம்தான் மறந்துபோகிறோம்.

விலை ஏன் விழுந்தது? விளைச்சல் அதிகம் என்றார்கள். உண்மை. போன வருஷத்துக் கூழே விற்காமல் கிடங்கில் கிடக்கிறது, வெளிநாட்டு ஏற்றுமதி மந்தம் என்றார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. கிளிமூக்கு, மல்கோவாவைப் போலவோ அல்போன்சாவைப் போலவோ கூடையில் வைத்து விற்கிற பழம் அல்ல. பெரும்பகுதி கூழ் ஆலைக்கே போகவேண்டும். விற்பவர்கள் பல்லாயிரம் பேர். வாங்குகிறவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய ஆலைக்காரர்கள். விற்கும் பண்டமோ நாலு நாளில் அழுகுவது. இப்படிப்பட்ட பேரத்தில் விலையை யார் வைப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ராகி போட்டவன் அடுத்த வருஷம் கொள்ளு போடலாம். மாமரம் வைத்தவன் என்ன செய்வான்? பல வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரத்தை ஒரு பருவம் பார்த்து மாற்ற முடியாது; வெட்டத்தான் முடியும். வெட்டினால் மறுநாளே நிலத் தரகர் வாசலில் நிற்பார். ஓசூர்ப் பக்கத்து நிலத்துக்கு வந்திருக்கும் கிராக்கியை நாம் விளக்க வேண்டியதில்லை.

சரி, சர்க்கார்கள் என்ன செய்தன?

ஆந்திர சர்க்கார் கிலோவுக்கு 12 ரூபாய் என்றது. எட்டு ரூபாய் ஆலை கொடுக்கவேண்டும், நாலு ரூபாய் சர்க்கார் கொடுக்கும். ஆலைகள் எட்டு ரூபாயை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று அங்கும் விவசாயிகள் குமுறினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே சமயத்தில், ஜூன் 7ஆம் தேதி, சித்தூர் ஜில்லா நிர்வாகம் கர்நாடகத்துக் காயும் தமிழ்நாட்டுக் காயும் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டது. தன் விவசாயிக்குக் கொடுக்கும் விலையை வெளிக்காய் வந்து கெடுத்துவிடும் என்று அவர்கள் பயந்தது புரிகிறது. ஆனால் சித்தூர் ஆலைகளை நம்பியிருந்த நமது விவசாயிக்கு அன்றைக்கே கதவு சாத்தப்பட்டது.

கர்நாடகம் சும்மா இருக்கவில்லை. கோலாரில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்கு எழுதினார்; டில்லியையும் நெருக்கினார். ஜூன் மாதத்துக்குள்ளேயே மத்திய சர்க்கார் இசைந்தது. குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று கணக்கு வைத்து, இரண்டரை லட்சம் டன் வரைக்கும் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை விவசாயிக்குக் கொடுப்பது, செலவை இரண்டு சர்க்கார்களும் பாதிப் பாதி ஏற்பது என்று முடிவாயிற்று.

தமிழ்நாட்டு முதலமைச்சரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எப்போது? ஜூன் மாதக் கடைசியில். மா அறுவடையோ மே மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. காய் அழுகுகிற வேகத்துக்குக் கடிதம் போகவில்லை என்பதை நாம் ஒளிக்காமல் சொல்கிறோம். டில்லியின் குற்றம் ஒரு பக்கம். சென்னையின் சோம்பல் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர் தோப்புக்காரர்.

டில்லியின் திட்டம் எப்படிப்பட்டது என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெல்லுக்கும் கோதுமைக்கும் இருப்பதுபோல் மாம்பழத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. அழுகும் பண்டங்களுக்கு ‘சந்தைத் தலையீட்டுத் திட்டம்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மாநில சர்க்கார் கேட்டால்தான் அது அசையும். வழக்கமான ஆண்டைவிட விலை நூற்றுக்குப் பத்தாவது விழுந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 25 பங்குக்குத்தான் உதவி. அதாவது நாலு லாரிக் காயில் ஒரு லாரிக்கு. மற்ற மூன்று லாரி?

ஆலைக்காரர்கள், “எட்டு, பன்னிரண்டு என்று கொடுத்தால் எங்களுக்குக் கட்டாது” என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டிலில் வரும் மாம்பழ பானத்தில் பழரசம் நூற்றுக்குப் பத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுச் சட்டம். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு நூறு கிராம் கூழ். காயில் ஏறக்குறையப் பாதி கூழாகும் என்று வைத்தால், இருநூறு கிராம் காய் போதும். கிலோ நாலு ரூபாய் என்றால் அந்தக் காயின் விலை 80 காசு. கிலோ பன்னிரண்டு ரூபாய் என்றால் 2 ரூபாய் 40 காசு. வித்தியாசம் ஒரு ரூபாய் அறுபது காசு! சில கம்பெனிகள் சட்டம் கேட்பதைவிடக் கூழை இரட்டிப்பாகச் சேர்க்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று ரூபாய் இருபது காசுக்கு மேல் போகாது. பாட்டில் விற்கும் விலை நமக்குத் தெரியும். விளம்பரத்துக்கு நடிகருக்குக் கொடுக்கும் தொகையைப் பற்றி நாம் பேசவில்லை. இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் பழரச பானங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதில் தோப்புக்காரருக்கு ஒரு காசாவது வரவேண்டும் என்று எந்த உத்தரவும் கூடவே வரவில்லை.

விலை விழுந்த வருஷத்தில் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தது. நமது பக்கத்தில் விவசாயக் கடன் என்றால் பெரும்பாலும் நகைக்கடன்தான். முன்பெல்லாம் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம். அண்மை ஆண்டுகளில் பல வங்கிகளில் அசலும் வட்டியும் சேர்த்து முழுத் தொகையையும் கட்டி மீட்டு, பிறகு மறுபடி அடகு வைக்கச் சொல்கிறார்கள். அந்த முழுத் தொகை எங்கிருந்து வரும்? தெருவிலுள்ள வட்டிக்காரரிடமிருந்து. வங்கிப் புத்தகத்தில் கணக்குச் சுத்தமாகிறது. வீட்டில் கந்துவட்டி நுழைகிறது.

நாம் வேண்டுவது தர்மம் அல்ல, சட்டம். கரும்புக்கு 1966ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு உத்தரவு இருக்கிறது. பருவத்துக்கு முன்பே விலை அறிவிக்க வேண்டும். கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் ஆலை பணம் கொடுக்க வேண்டும். தவறினால் வட்டி கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தையும் மீறி ஆலைகள் பாக்கி வைத்ததையும், கரும்பு விவசாயிகள் போராடித்தான் வாங்கினார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனாலும் போராடுகிறவன் கையில் ஒரு சட்டம் இருப்பது பெரிய ஆயுதம். மா விவசாயியின் கையில் அதுவும் இல்லை. கலெக்டர் முன்னிலையில் விவசாயி, ஆலைக்காரர், அதிகாரி என்று முத்தரப்புக் கூட்டம் போடுவார்கள். அங்கே பேசிய விலைக்கு ஆலை கட்டுப்படாவிட்டால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை.

“மாநில சர்க்காரால் என்ன முடியும்?” என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2020 நவம்பர் முதல் பதினாறு காய்கறி, கிழங்குகளுக்கு அங்கே சர்க்கார் அடிப்படை விலை வைத்தது. டில்லியின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கஜானா தாங்காது என்ற வாதமும் செல்லாது. பெரிய கம்பெனி ஒன்று வந்தால் நிலம், மூலதன மானியம், மின்வரிச் சலுகை என்று கொடுக்கிற கஜானாதானே இதுவும்?

ஆகவே கிருஷ்ணகிரி ஜில்லாத் தோழர்கள் மாம்பூ கருகி உதிரும்வரை காத்திருக்க வேண்டாம். மே மாதம் காய் இறங்கும்போது கோஷம் போட்டுப் பயனில்லை. தை, மாசியில் மரம் பூக்கும்போதே கிளைகள் கூடட்டும். அறுவடைக்கு முன்பே விலை அறிவிப்பு, பதினாலு நாளில் பணம், மீறும் ஆலைக்கு உரிமம் ரத்து, அந்தப் பருவத்துக்கு நகைக்கடன் தவணை நீட்டிப்பு என்ற நான்கையும் எழுதி கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அந்த மனுவில் விவசாயிகள் சங்கத்தின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஓசூர் ஆலைத் தொழிற்சங்கங்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். முத்தரப்புக் கூட்டம் நடக்கும் நாளில் ஷிப்டு முடிந்த தோழர்கள் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்கு வரட்டும்.

கோலாரிலும் சித்தூரிலும் இருக்கும் விவசாயிகள் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்களுடைய சங்கங்களுக்கும் அதே மனுவின் நகல் போகட்டும். மூன்று மாநிலத்துக்கும் ஒரே விலை என்றால் எல்லையில் லாரியை மறிக்க யாருக்கும் வேலை இருக்காது.